கிற்றார் நெக்: மரமும் தொழிற்சாலை வேலையும் – திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் கிற்றாரின் நெக் (இடது கை பிடிக்கிற நீண்ட கழுத்துப் பகுதி) பற்றியது மட்டும். பொடி (உடற்பகுதி), பிக்அப், கம்பி எல்லாம் இங்கே இல்லை. கோயில் பாடற்குழுவில் வாசிக்கிற பிள்ளைகள், உப்புவெளி ஹோட்டல்களில் இரவில் வாசிப்பவர்கள், மகனுக்கோ மகளுக்கோ முதல் கிற்றார் வாங்கப் போகிற அப்பாமார் என்று பலரும் பட்டறையில் கேட்டவற்றைச் சேர்த்திருக்கிறேன்.

நெக் ஒரு கட்டைதானே? அதில் மரத்தின் தரம் ஏன் அவ்வளவு முக்கியம்?

சாதாரண லைட் கம்பி மாட்டிய அக்கூஸ்டிக்கில் ஆறு கம்பியும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. எலெக்ட்ரிக்கில் 10–46 செட் (கம்பித் தடிப்பு, அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) போட்டால் 45 கிலோவுக்குக் கிட்ட. இந்த இழுப்பை இரவு பகலாக, ஆண்டுக் கணக்கில் தாங்குவது 20 முதல் 25 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஒரு கட்டை. அதற்கும் நடுவில் ட்ரஸ் றொட்டுக்காக (நெக்கின் வளைவைச் சரிசெய்கிற இரும்புக் கோல்) ஒரு கால்வாய் தோண்டியிருப்பார்கள். வீட்டுக் கதவின் நிலை 0.25 மில்லிமீற்றர் வளைந்தால் யாருக்கும் தெரியாது. நெக் அவ்வளவு வளைந்தால் உங்கள் இடது கை உடனே கண்டுபிடித்துவிடும்.

தொழிற்சாலையில் நெக் எப்படிச் செய்கிறார்கள்?

முதலில் பலகையைச் சூளையில் வைத்து உலர்த்துகிறார்கள். மரத்தின் ஈரம் 6 முதல் 8 சதவீதம் வரை இறங்க வேண்டும். இதை அவசரப்படுத்தினால் பலகையின் மேற்புறம் காய்ந்து இறுகிவிடும், உள்ளே ஈரம் நிற்கும். வெளியில் பார்த்தால் நல்ல பலகை. வெட்டி மெலிதாக்கும்போதுதான் உள்ளே இருக்கிற இறுக்கம் விடுபட்டு, அது தன் போக்கில் வளையும்.

அதனால் கவனமான தொழிற்சாலைகள் நெக்கை ஒரே மூச்சில் செதுக்குவதில்லை. தேவையான அளவைவிடக் கொஞ்சம் பெரிதாக வெட்டி, காற்றின் ஈரப்பதம் 45–50 சதவீதத்தில் கட்டுப்படுத்தப்பட்ட அறையில் அடுக்கி வைத்து விடுகிறார்கள். வளைகிறது வளையட்டும் என்று காத்திருந்து, பிறகு நேராக்கி, ட்ரஸ் றொட் கால்வாயை வெட்டி, மறுபடி வைக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் பிரெட்போர்ட் (விரல் அழுத்துகிற முன்பலகை) ஒட்டுவது, பின்புற வளைவைச் செதுக்குவது, பிரெட் (அந்தப் பலகையில் குறுக்காக இறங்குகிற உலோக மெட்டு) அடிப்பது, வார்னிஷ்.

என்னைக் கேட்டால், 40 ஆயிரம் ரூபா கிற்றாருக்கும் 4 இலட்சம் ரூபா கிற்றாருக்கும் நெக்கில் இருக்கிற பெரிய வித்தியாசம் இந்தக் காத்திருப்புத்தான். இயந்திரம் இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றே. அடுக்கில் சும்மா கிடக்கிற மரம் முடங்கிக் கிடக்கிற காசு. மலிவாக விற்க வேண்டிய தொழிற்சாலை முதலில் கை வைப்பது அந்த இடத்தில்தான்.

பிரெட் அடிப்பதிலும் ஒரு விஷயம் உண்டு. பிரெட்டின் அடிக்கால் இறங்குகிற வெட்டு அளவுக்கு மீறி ஒடுக்கமாக இருந்தால், இருபதுக்கு மேற்பட்ட பிரெட்டுகளும் சேர்ந்து ஆப்பு அடித்ததுபோல் நெக்கைப் பின்பக்கம் வளைத்துவிடும். அகலமாக இருந்தால் பிரெட் கிளம்பும். நல்ல தொழிற்சாலையில் இந்த வெட்டின் அகலத்தை மரத்துக்கு மரம் மாற்றுகிறார்கள். கருங்காலிக்கு வெட்டுகிற அகலமும் ரோஸ்வுட்டுக்கு வெட்டுகிற அகலமும் ஒன்றாக இருக்க முடியாது.

கணினி சொல்கிறபடி வெட்டுகிற சிஎன்சி இயந்திரத்தில் செய்த நெக் கையால் செய்ததைவிடத் தரம் குறைந்ததா?

இல்லை. அமெரிக்காவில் டெய்லர் நிறுவனம் 1990 வாக்கிலேயே சிஎன்சிக்கு மாறிவிட்டது. இன்றைக்கு அந்தக் கிற்றார்களை மலிவு என்று யாரும் சொல்வதில்லை. ஃபெண்டரும் ஆரம்பத்திலிருந்தே இயந்திரத்தை நம்பிய நிறுவனம்தான். நெக்கைப் பொடியில் போல்ட் போட்டுப் பூட்டுகிற யோசனையே வேகமாகச் செய்யவும், பழுதானால் கழற்றி மாற்றவும் வந்தது.

இயந்திரம் ஒரே அளவை ஆயிரம் தடவை பிசகாமல் வெட்டும். ஆனால் அதற்குக் கண் இல்லை. நார் சாய்ந்து ஓடுகிற பலகையைப் போட்டாலும் அதே அழகோடு வெட்டித் தரும். பலகையைப் பொறுக்குகிற ஆள் யார், அவருக்கு நிராகரிக்கிற உரிமை இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

ஒரே துண்டு மரம் நல்லதா, ஒட்டுப் போட்டது நல்லதா?

இந்தக் கேள்விக்கு நம் ஊரில் எல்லோரும் யோசிக்காமல் “ஒரே துண்டு” என்பார்கள். ஒரே மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணைக்கு இருக்கிற மதிப்பு இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். கிற்றாரில் கணக்கு வேறு.

ஹெட்ஸ்டொக் (கம்பி முறுக்குகிற தலைப்பகுதி) பின்பக்கம் சாய்ந்த கிற்றாரை எடுத்துக்கொள்ளுங்கள். கிப்சன் நிறுவனம் வழக்கமாக வைக்கிற சாய்வு 17 பாகை. ஒரே துண்டில் அதை வெட்டினால், நெக் நெடுக நேராக ஓடி வந்த நார், ஹெட்ஸ்டொக் தொடங்குகிற இடத்தில் குறுக்காக அறுபட்டு நிற்கும். அதே இடத்தில்தான் ட்ரஸ் றொட் நட்டுக்காகக் குழியும் தோண்டியிருக்கிறார்கள். ஸ்டாண்டிலிருந்து ஒரு தடவை பின்பக்கமாக விழுந்தால் போதும், அந்த இடத்தில் முறியும். பட்டறைக்கு முறிந்து வருகிறவற்றில் பெரும்பாலானவை இந்த இடத்தில் முறிந்தவைதான்.

ஹெட்ஸ்டொக்கைத் தனித் துண்டாகச் சாய்த்து வெட்டி ஒட்டினால் இரண்டு துண்டிலும் நார் நேராக ஓடும். நல்ல பசை போட்ட சாய்வு ஒட்டு மரத்தைவிடப் பலம். மலிவான கிற்றாரில் இதைச் செய்வது பலகையை மிச்சம் பிடிக்கத்தான், அது உண்மை. ஆனாலும் கிடைக்கிற பலன் உங்களுக்கு. நெக்கின் அடிப்பகுதியில் துண்டு துண்டாக அடுக்கி ஒட்டியிருப்பதையும் குறை சொல்ல வேண்டாம். அங்கே வளைவு வருவதில்லை.

நெடுக்காக மூன்று, ஐந்து கீற்றுகளாக மேப்பிளும் வால்நட்டும் ஒட்டிய நெக்குகள் இன்னும் நல்லவை. ஒரு கீற்று ஒரு பக்கம் வளையப் பார்த்தால் பக்கத்துக் கீற்று பிடித்துக்கொள்ளும். நான் பயப்படுவது ஒன்றுக்கு மட்டும்: நெக்கின் நடுப்பகுதியில், ஐந்தாம் ஏழாம் பிரெட் பக்கத்தில் குறுக்காக ஒட்டு இருந்தால் வாங்காதீர்கள். தடித்த கறுப்புப் பெயின்ற் அடித்த மிக மலிவான நெக்குகளில் சந்தேகப்படுங்கள், பெயின்ற் எதை மறைக்கிறது என்று தெரியாது.

எந்த மரம் நல்லது? மேப்பிளா, மகோகனியா? நாட்டோ என்று போட்டிருக்கிறதே, அது என்ன?

மேப்பிள் கடினம், பலம். ஒரு கன மீற்றர் சுமார் 700 கிலோ. ஆனால் ஈரத்துக்கு அசைகிற மரம். பச்சையாக இருந்து முழுதாகக் காயும்போது ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் 9.9 சதவீதம் சுருங்கும், அதற்குச் செங்குத்தான திசையில் 4.8. ஹொண்டூராஸ் மகோகனியில் இந்த இரண்டும் 4.1, 3.0. அதாவது மகோகனி குறைவாக, ஏறக்குறைய எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அசைகிறது. கடலோரத்தில் இருக்கிற நமக்கு இது பெரிய விஷயம்.

நாட்டோ தென்கிழக்காசிய மரம். நிறத்தில் மகோகனிபோல இருக்கும், உறவு இல்லை. மலிவான அக்கூஸ்டிக்குகளில் அதிகம் வருவது இதுதான், மோசமில்லை. ஒகூமே என்று போட்டிருந்தால் அது ஆபிரிக்க மரம், மென்மையானது. கடைக்காரர் எல்லாவற்றையும் “மகோகனி” என்று சொல்வார். சிவப்பாக எது இருந்தாலும் மகோகனி என்பது கடைத்தெரு வழக்கம்.

மரத்தை அறுத்த விதத்தைப் பார்க்க வேண்டும் என்கிறார்களே, எப்படிப் பார்ப்பது?

ஹெட்ஸ்டொக்கின் நுனியையோ நெக்கின் அடி முனையையோ பாருங்கள். மரத்தின் ஆண்டு வளையக் கோடுகள் தெரியும். அவை பிரெட்போர்டுக்குச் செங்குத்தாக நின்றால் குவாட்டர் சோன். படுத்துக் கிடந்தால் பிளாட் சோன்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். நட் (ஹெட்ஸ்டொக்குக்குப் போகுமுன் கம்பிகள் தங்குகிற குறுக்குத் துண்டு) பக்கத்தில் 43 மில்லிமீற்றர் அகலமான மேப்பிள் நெக், 8 சதவீத ஈரத்திலிருந்து 14 சதவீதத்துக்குப் போகிறது என்று வையுங்கள். பிளாட் சோனாக இருந்தால் வெறும் மரம் அகலத்தில் 0.9 மில்லிமீற்றர் விரியும். குவாட்டர் சோனாக இருந்தால் 0.4தான். வார்னிஷும் பிரெட்போர்டும் தடுப்பதால் நடைமுறையில் குறையும். ஆனால் விகிதம் அப்படியே.

அதற்காக பிளாட் சோன் எல்லாம் குப்பை என்று அர்த்தமில்லை. ஃபெண்டர் நெக்குகளில் பெரும்பாலானவை பிளாட் சோன்தான், 1950களின் நெக்குகள் இன்றும் நேராக இருக்கின்றன. வளையக் கோட்டைவிட முக்கியமாக நான் பார்ப்பது நார் ஓட்டத்தை. நெக்கைப் பக்கவாட்டில் பிடித்து, நார்க் கோடுகள் ஹெட்ஸ்டொக்கிலிருந்து அடி வரை கூடவே ஓடுகின்றனவா, நடுவில் பின்பக்கமாக வெளியேறுகின்றனவா என்று பாருங்கள். வெளியேறினால் அந்த நெக் முறுகும்.

கொழும்பில் வாங்கிய கிற்றார் அங்கே நன்றாக இருந்தது. திருகோணமலைக்கு வந்ததும் ஆக்ஷன் (பிரெட்டுக்கு மேல் கம்பி நிற்கிற உயரம்) மாறிவிட்டது. ஏன்?

கடையில் இரவு பகலாக ஏசி ஓடியிருக்கும். ஏசி அறையில் ஈரப்பதம் 50 சதவீதம் என்றால் மரத்தின் ஈரம் 9 சதவீதத்தில் நிற்கும். வாடைக் காற்றும் மழையும் பிடிக்கிற கார்த்திகை, மார்கழியில் இங்கே காற்றின் ஈரப்பதம் 80ஐத் தாண்டுகிறது. அந்தக் காற்றில் மரம் மெல்ல மெல்ல 15, 16 சதவீதத்துக்கு ஏறிவிடும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று மேற்கிலிருந்து அனலாக வீசும்போது அது திரும்ப இறங்கும். ஒரே ஆண்டில் ஏறி இறங்குகிற இந்தத் தூரம் பல கிற்றார்களுக்குத் தாங்காது.

நெக்கின் பின்புறம் வார்னிஷால் மூடப்பட்டிருக்கிறது, ரோஸ்வுட் பிரெட்போர்ட் திறந்திருக்கிறது. ஆகவே ஈரம் முன்பக்கத்தால்தான் முதலில் ஏறும். பல நெக்குகள் வாடையில் பின்பக்கம் வளைந்து, முதல் சில பிரெட்டுகளில் கம்பி இரைவது இதனால்தான். அக்கூஸ்டிக்கில் இதற்கு நேர்மாறாகவும் நடக்கும்: பொடியின் மேற்பலகை ஊதி, கம்பிகளைத் தாங்குகிற பிரிட்ஜைத் தூக்கும், ஆக்ஷன் உயரும், குற்றம் நெக்கின்மேல் விழும். முதலில் நெக்கை அளந்து பாருங்கள், பிறகு திட்டுங்கள்.

கச்சான் காலத்திலோ, பகல் முழுக்க ஏசி போடுகிற அறையிலோ பிரெட்போர்ட் சுருங்கி, பிரெட் நுனிகள் ஓரத்தில் முள்ளாகக் குத்தும். ஒரு மெல்லிய அரத்தால் ஒரு முறை தேய்த்துவிட்டால் சரி.

அளப்பது எப்படி? ட்ரஸ் றொட்டை நானே திருப்பலாமா?

திருப்பலாம், பயப்படத் தேவையில்லை. கம்பி சுருதியில் இருக்கும்போது ஆறாம் கம்பியை முதல் பிரெட்டிலும், நெக் பொடியோடு சேருகிற இடத்துப் பிரெட்டிலும் அழுத்துங்கள். ஏழாம் எட்டாம் பிரெட்டில் கம்பிக்கும் பிரெட்டுக்கும் இடையே 0.2 முதல் 0.3 மில்லிமீற்றர் இடைவெளி இருக்க வேண்டும். ஒரு விசிற்றிங் கார்ட் தொட்டும் தொடாமலும் நுழைகிற அளவு.

இடைவெளி கூடினால் வலஞ்சுழியாக இறுக்குங்கள், இல்லவே இல்லை என்றால் இடஞ்சுழியாகத் தளர்த்துங்கள். ஒரு நேரத்தில் கால் சுற்று. மரம் அசைய நேரம் எடுக்கும், அடுத்த நாள் அளந்து பார்த்து அடுத்த கால் சுற்று. இறுகி நின்றால் நிறுத்திவிடுங்கள்.

கிப்சனில் வேலை செய்த தாடியஸ் மெக்ஹியூ 1920களின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்ற வடிவம் இன்றைய ட்ரஸ் றொட்டுக்கு முன்னோடி. அதற்கு முப்பது ஆண்டு கழித்தும், மேப்பிள் போதும் என்று நம்பி, லியோ ஃபெண்டர் 1950-இல் முதல் நெக்குகளை றொட் இல்லாமலே செய்தார். சீக்கிரமே சேர்க்க வேண்டியதாயிற்று. கடின மரத்தை மட்டும் நம்பியிருக்க அமெரிக்காவிலேயே முடியவில்லை.

அண்ணா, நெக் முறுகிவிட்டது. றொட்டால் நேராக்கலாமா?

முடியாது தம்பி. றொட் முன்பின் வளைவை மட்டும்தான் சரிசெய்யும். முறுக்கு கொஞ்சமாக இருந்தால் பிரெட்டுகளைக் கழற்றி, பிரெட்போர்டைச் சீவி, புது பிரெட் அடிக்கலாம். போல்ட் நெக்காக இருந்தால் வேறு நெக் வாங்குவதே மலிவு.

நம் ஊர் மரத்தில் நெக் செய்ய முடியாதா? தேக்கு, முதிரை எல்லாம் இருக்கிறதே.

அடிக்கடி வருகிற கேள்வி, எனக்குப் பிடித்த கேள்வியும்கூட. மரம் மரமாகச் சொல்கிறேன்.

தேக்கு: சுருக்கம் குறைவு, வளையத்தை ஒட்டிய திசையில் 5.8 சதவீதம், அதற்குச் செங்குத்தாக 2.5. ஈரத்துக்கு அசைவது மேப்பிளைவிட எவ்வளவோ குறைவு. நெக்குக்கு நல்ல மரம். இரண்டு தொல்லை: மரத்தில் எண்ணெய்த்தன்மை இருப்பதால், ஒட்டுவதற்குச் சற்று முன் அசிற்றோனால் துடைக்காவிட்டால் பசை பிடிக்காது. மரத்தில் மணற்சத்து இருப்பதால் சீவுளியும் உளியும் சீக்கிரம் மழுங்கும்.

முதிரை: அழகுக்கு ஈடில்லை. ஆனால் ஒரு கன மீற்றர் 900 கிலோவுக்கு மேல். நெக் முழுவதும் முதிரையில் செய்தால் தோளில் மாட்டும்போது ஹெட்ஸ்டொக் நிலத்தைப் பார்த்துச் சாயும். நார் பின்னிப் பின்னி ஓடுவதால் சீவும்போது பெயர்ந்து வரும். அதன் தூள் சிலருக்குத் தோலில் கடியை உண்டாக்கும், முகமூடி கட்டுங்கள். மேப்பிளுக்குப் பதிலாக பிரெட்போர்டாக வைத்தால் அருமையாக இருக்கும்.

கருங்காலி: இலங்கைக் கருங்காலி பிரெட்போர்டுக்கு உலகத்தில் மிக உயர்ந்தவற்றில் ஒன்று, கறுப்பு சீராக இருக்கும். ஆனால் காட்டில் வெட்டக் கட்டுப்பாடு கடுமை. யாராவது “காட்டிலிருந்து கொண்டுவந்து தருகிறேன்” என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பழைய தளபாடத்தின் உடைந்த கால் கிடைத்தால் அதுவே பிரெட்போர்டுக்கு இரண்டு துண்டு தரும்.

சவண்டலை: சிங்களத்தில் ஹல்மில்ல. வெள்ளைக்காரர் காலத்து மர வியாபாரத்தில் இதற்குப் பெயரே திருகோணமலை மரம்தான். இங்கிருந்து சென்னைக்குப் போய் அங்கே அலைக்கரையில் இறங்குகிற மசூலாப் படகு கட்டவும் பீப்பாய் செய்யவும் பயன்பட்டது. வளைத்தாலும் நாரோடு நிற்கிற, அதிர்வைத் தாங்குகிற மரம். கனம் கொஞ்சம் அதிகம். நடுக்கீற்றாக சவண்டலையும் இருபக்கமும் மகோகனியும் வைத்து ஒட்டினால் நல்ல நெக் வரும் என்பது என் எண்ணம்.

மகோகனி: ஹொண்டூராஸ் மகோகனியின் அதே இனம் நம் நாட்டின் ஈர வலயத்திலும் இடை வலயத்திலும் நட்டு வளர்க்கப்படுகிறது. மரக்காலைகளில் கிடைக்கும். வேகமாக வளர்ந்த மரம் இலேசாக இருக்கும், ஆகவே கனமான, நேரான நார் உள்ள பலகையாகப் பொறுக்குங்கள். முதல் தடவை நெக் செய்பவருக்கு நான் சொல்வது இதைத்தான்.

பலா: “வீணை பலாவில்தானே செய்கிறார்கள்?” என்று கேட்கிறார்கள். சரிதான். ஆனால் வீணையின் மெட்டுகள் மெழுகில் நிற்பவை. மரம் அசைந்தால் மெழுகை உருக்கி மெட்டைத் திரும்ப நிறுத்தலாம். கிற்றாரின் பிரெட் மரத்துக்குள் அடித்து இறக்கப்பட்டது, மரம் அசைந்தால் அதுவும் கூடவே போகும். பலாவில் நெக் செய்யலாம், நன்றாகக் காய்ந்ததாக இருந்தால். பச்சை மரத்தை வெட்ட அனுமதி வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பனையும் தென்னையும் வேண்டாம். நார்க் கற்றைதான், பிரெட் பிடிக்காது.

எந்த மரமானாலும் மரக்காலை ரசீதை வைத்திருங்கள். அனுமதிப்பத்திரம் இல்லாமல் மரம் ஏற்றினால் ஒரு கிற்றார் நெக்குக்குக்கூட நீதிமன்றம் போக வேண்டி வரலாம்.

உடைத்த பழைய வீட்டு மரம் பயன்படுமா?

மிக நல்லது. ஐம்பது ஆண்டு நம் வாடையையும் கச்சானையும் பார்த்த கூரை வளைச்சட்டம், எந்தச் சூளை மரத்தைவிடவும் இந்த ஊர்க் காற்றுக்குப் பழகியது. ஆணியை எல்லாம் பிடுங்கி, ஒரு காந்தத்தால் தடவிப் பாருங்கள். கறையான் தொட்ட துண்டை விட்டுவிடுங்கள். பாலையூற்றுப் பக்கத்துப் பறங்கியர் குடும்பங்களில் தச்சு வேலையும் கிற்றாரும் ஒரே வீட்டில் வளர்ந்தவை. மரம் பொறுக்க அங்கத்தைய மூத்த தச்சர் யாராவது கூட வந்தால் விட்டுவிடாதீர்கள்.

வாங்கி வந்ததும் உடனே வெட்டாதீர்கள். தடிமனாகப் பிளந்து, இடையில் குச்சி வைத்து அடுக்கி, நிழலில் ஒரு வாடையும் ஒரு கச்சானும் கடக்க விடுங்கள்.

வறுத்த மேப்பிள் என்று விற்கிறார்களே, கூடுதல் காசு கொடுக்கலாமா?

காற்று புகாத சூளையில் 160 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக்கிய மரம் அது. ஈரத்தை உறிஞ்சுகிற தன்மை குறைந்துவிடும். ஐரோப்பாவில் இருப்பவர் இதற்குக் காசு கொடுப்பது நிறத்துக்காகவும் இருக்கலாம். இங்கே கொடுப்பதற்கு உண்மையான காரணம் இருக்கிறது. ஆனால் மரம் கொஞ்சம் நொறுங்கும் தன்மைக்கு வரும், திருகாணி போடுமுன் துளையிட்டே ஆக வேண்டும்.

ரோஸ்வுட் பிரெட்போர்ட் உள்ள கிற்றாரை விமானத்தில் கொண்டு போகலாமா?

ரோஸ்வுட் பேரினம் முழுவதும் 2017 ஜனவரியில் சைட்டிஸ் (அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வியாபாரம் பற்றிய சர்வதேச ஒப்பந்தம்) கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 2019 நவம்பரில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கொடுத்துவிட்டார்கள். பிரேசில் ரோஸ்வுட் மட்டும் 1992 முதல் கடும் தடைப் பட்டியலில் இருக்கிறது. அது உங்கள் கிற்றாரில் இருந்தால் அதன் விலையே உங்களுக்குச் சொல்லியிருக்கும்.

ட்ரஸ் றொட்டைத் திருப்ப எந்த அளவு சாவி வாங்குவது?

ஆசியாவில் செய்த பலவற்றுக்கு 4 அல்லது 5 மில்லிமீற்றர் அலன் கீ. அமெரிக்க ஃபெண்டருக்கு பெரும்பாலும் 1/8 அங்குலம். கிப்சனுக்கு 5/16 அங்குலக் குழாய்ச் சாவி. கடல் காற்றில் ட்ரஸ் றொட் நட் துருப்பிடித்து இறுகியிருந்தால், சாவியைத் திருகுமுன் ஒரு துளி எண்ணெய் விட்டு ஒரு இரவு வையுங்கள்.